பாயில் விட்ட இடம்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மாரிகாலம். கடலில் தத்தளித்த ஒரு படகிலிருந்து மியன்மார் அகதிகளை மீட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். நான் முன்பள்ளி ஆசிரியை. பகலில் அங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன்.

ஒரு பிள்ளைகூட அழவில்லை. என்ன ஒழுக்கமான பிள்ளைகள் என்று முதல் நாள் வீட்டில் பெருமையடித்தேன். இரண்டாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். நீளப் பாயில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். ஓடி விளையாடும்போதுகூட அந்த இடத்தை ஒருவரும் மிதிக்கவில்லை. சிறுமி போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்து, அந்த வெற்றிடத்தை நோக்கி நீட்டி, ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பாயில் ஊற்றுவாள். பிறகுதான் தானும் ஒரு மூடி குடிப்பாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எனக்குக் கை கொஞ்சம் வேகம். மூன்றாம் நாள், பாய் நாறுகிறது என்று மூடியைப் பிடுங்கிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, கோப்பை நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அவள் தொடவில்லை. காலையும் போய், மத்தியானமும் போனது. வெளியே மழை கொட்டுகிறது. இவள் உதடு வெடித்து, அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர்களுக்கு உருது கொஞ்சம் விளங்கும் என்றார்கள்; உருது தெரிந்த, பக்கத்து ஊரான கிண்ணியா மௌலவி ஒருவரைக் கூட்டிவந்து, மூலையில் சுருண்டு படுத்திருந்த அவளுடைய தாயிடம் கேட்கச் சொன்னேன். தட்டுத்தடுமாறிப் பேசிவிட்டு வந்தவருடைய முகம் மாறியிருந்தது.

"டீச்சர், படகில தண்ணிய மூடிக் கணக்கிலதான் குடுத்தாங்களாம். தங்கச்சிக்குக் குடுக்கிறது இந்தப் பிள்ளைட வேலை. தங்கச்சி படகிலயே மௌத்தாகி, உடம்பக் கடல்ல விட்டுட்டாங்க. தங்கச்சிக்குக் குடுக்காம தான் குடிக்க ஏலாதாம்."

"ஐயோ, நான் அதைப் பறிச்சு எறிஞ்சுபோட்டனே!" என்றேன்.

குப்பை வாளியைக் கவிழ்த்து, மூடியைத் தேடியெடுத்துக் கழுவினேன். தண்ணீர் நிரப்பி, நானே அந்த வெற்றிடத்துக்கு நீட்டினேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் அசையாமல் என் கையையே பார்த்தார்கள். மெதுவாக ஊற்றினேன். சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூடியை வாங்கிக் குடித்தாள். திரும்பத் திரும்ப நிரப்பிக் குடித்தாள். எழுந்து போகும்போது நானும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போனேன்.

சில நாட்களில் அவர்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை விளங்காத எதையாவது செய்தால், என் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதை யாருக்காகச் செய்கிறது என்று எனக்குத் தெரியாதே.