எல்லாவற்றுக்கும் முழுச் சம்மதம்

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பாதி நாற்காலி காலி. வருகிற பாதிப் பேரும் ஈரத் தலையோடுதான் வருவார்கள். அவர்களுக்கு நான் புள்ளியியல் மென்பொருள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி தட்டினால் கணக்கும் படமும் கண்முன்னால் வந்து நிற்கும். எனக்கு அதில் ஒரு பைத்தியமே உண்டு. பிள்ளைகளுக்கு இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் புராஜெக்டைக் கொடுத்தால் அட்டவணை போட்டு, பைண்டிங்கும் செய்து தருகிறார்கள். பிறகு எதற்கு இந்த வம்பு என்பது அவர்கள் கட்சி.

ஒருநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். "பிள்ளேளுக்கு இஷ்டம் இருந்தா இந்தப் பேப்பர் இருக்கட்டும்மா. இல்லன்னா அந்த ஹவர்ல போலீஸ் எக்ஸாம் கோச்சிங் வச்சிருவோம். ஒரு சர்வே எடுத்துக் காட்டுங்க."

நான் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பேப்பர் போனால் எனக்கும் அங்கே வேலை இல்லை. பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

கேள்வித்தாள் தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'முழுச் சம்மதம்' முதல் 'சம்மதமே இல்லை' வரை ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். வாசிக்காமல் டிக் அடிப்பவர்களைப் பிடிப்பதற்காக நடுநடுவே தலைகீழான கேள்விகளையும் வைத்தேன். 'இந்த மென்பொருள் கற்பது எனக்கு வீண் வேலை' என்பது அதில் ஒன்று. பதில்களைக் கணினியில் ஏற்றித் தந்தவள் ஆய்க்குடியிலிருந்து வரும் ஒரு மாணவி. நான் சொல்லாமலே அந்த மென்பொருளைத் திறந்து பார்ப்பவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். முடிவைப் பார்த்து முழித்தேன். கற்க ஆசையா, அத்தனை பேரும் முழுச் சம்மதம். வீண் வேலையா, அதற்கும் முழுச் சம்மதம்.

வகுப்பில் போய்க் கத்தினேன். "ஏலே, ஒருத்தராவது வாசிச்சுப் பாத்தீங்களா?"

"உங்களுக்கு நல்லா வரட்டும்னுதான் மிஸ் எல்லாத்துக்கும் முழுசாப் போட்டோம்" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். "இப்ப எதுல போடணும்னு சொல்லுங்க, போட்டுருதோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "என்னைய நெனைக்காதீங்க, உள்ளதைப் போடுங்க" என்று புதுத் தாள் கொடுத்தேன். அன்றுதான் அந்த வகுப்பு நான் கொடுத்த ஒன்றைக் கடைசிவரை வாசித்தது.

அதையும் அவளேதான் ஏற்றினாள். திரையில் படம் வந்தது. 'வீண் வேலை' ஓங்கி நின்றது. விருப்பம் தரையோடு கிடந்தது. அவளாவது விரும்பியிருப்பாள் என்று ஒரு நப்பாசை.

"நீ என்னம்மா போட்ட?"

"உள்ளதைத்தான் மிஸ்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க அண்ணன் எஸ்ஐ பரீட்சை எழுதச் சொல்லுதான். கோச்சிங் இங்கனயே வந்துட்டா சுரண்டைக்கு அலைய வேண்டாம்லா."

பிறகு தலைப்பைத் திருத்தி, நிறத்தை மாற்றி, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"தெளிவா இருக்கா மிஸ்?"

தெளிவாகத்தான் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழை இல்லாமல் போட்டிருந்தாள்.