போன் ஜெல்லும் அந்தோனி அண்ணன்ட காலும்

போன் திரையில கீறல் விழாம ஷீட் ஒட்டுற தொழில்ல கை நடுங்கக் கூடாது, வாய் ஓயக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால நிண்டு கால் வீங்கின கடைக்காரர் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

தானா ஆறுது

வெள்ளவத்தையில எங்கட கடைக்கு ஹைட்ரோஜெல் ஷீட் புதுசா வந்த நேரம். ரப்பர் மாதிரி வளையும், மெல்லிசாக் கீறினா கீறல் தானாவே மறையும். கொட்டாஞ்சேனை மேரி அக்கா தன்ட மனுசன் அந்தோனி அண்ணன்ட போனைக் கொண்டு வந்தா. ஒட்டிப்போட்டு, நகத்தால ஒரு கோடு இழுத்து, ஹெயார் டிரையர் பிடிச்சன். கோட்டைக் காணேல்ல. அக்கா சிலுவை போட்டா.

“மாதாவே! மருந்தும் போடாம ஆறிட்டுதே தம்பி!”

நானாட சோதனை

பம்பலப்பிட்டியில புடவைக்கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா ஒராள் கீறல் ஆறுமெண்டதை நம்பேல்ல. துணி வெட்டுற பிளேட்டை எடுத்து, தன்ட போன்ல நான் ஒட்டின புது ஷீட்டில சர்ரெண்டு ஒரு இழுவை. “நானா, மேலால பட்ட கீறல்தான் ஆறும்!” எண்டு நான் கத்திறதுக்குள்ள காரியம் முடிஞ்சுது. டிரையர் பிடிச்சன், வாயால ஊதினன். வெட்டு ஆவெண்டு பிளந்துகொண்டு எங்களையே பாத்துது.

“தம்பி, இதுக்கு தையல்தான் போடணும் போல.”

என்ன மொடல்?

கொஞ்ச நாளால மேரி அக்கா திரும்பி வந்தா. பெரிய துண்டு ஒண்டு வேணுமாம்.

“என்ன மொடல் அக்கா?”

பேப்பர் ஒண்டை விரிச்சா. அதில பேனையால வரைஞ்ச ஒரு உள்ளங்கால்.

“அண்ணன்ட கால்தான் மொடல். பழைய துண்டு சின்னனாப் போச்சு.”

நான் கவுண்டரை விட்டு வெளியில ஓடினன். அண்ணன் சுகர்காரர், வாசல்ல த்ரீவீல்ல இருந்தார். போன்ல இருந்து உரிச்ச ஷீட் உள்ளங்கால் புண்ணில ஒட்டியிருக்கு, உள்ளுக்குச் சீழ் ததும்புது, சுத்திவரத் தோல் கறுத்துக்கொண்டு வருது.

“அண்ணே, நோகேல்லையா?”

“ஒண்டும் தெரியேல்ல தம்பி. ஆறுது போல.”

பிழையான கடை

கடையைப் பக்கத்துக் கடைக்காரர்ட்ட விட்டிட்டு அதே த்ரீவீல்ல நானும் பாய்ஞ்சு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனன். டொக்டர் ஷீட்டை உரிச்சுப்போட்டு என்னைப் பாத்த பார்வையில நானே அட்மிட் ஆகியிருப்பன். இன்னும் பிந்தியிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம். கால் சின்ன விரலை மட்டும் எடுத்ததோட அண்ணன் தப்பிச்சார்.

பிறகு ஒரு நாள் பாக்கப் போனன். நேர்ஸ் ஒரு ட்யூப்பில இருந்து கண்ணாடி மாதிரி ஜெல்லியைப் புண்ணில பிதுக்கினா.

“என்ன மிஸ் அது?”

“ஹைட்ரோஜெல். புண்ணுக்கெண்டே சுத்தமாச் செய்யிறது.”

நான் ட்யூப்பை வாங்கிப் பேரை வாசிக்க, மேரி அக்கா என்ட விலாவில ஒரு இடி இடிச்சா.

“பாத்தியாடா? சாமான் சரி, கடைதான் பிழை!”

இப்பெல்லாம் கடைக்கு ஆராவது வந்தா, கையில இருக்கிற போனைப் பாக்கிறதுக்கு முதல் நான் அவையின்ட செருப்பைத்தான் பாக்கிறன்.