தையல்காரர் வீட்டு அழைப்புமணி

வாசலில் மணியின் பட்டனை அழுத்தினால்தான் எரியும் விளக்கு எரிகிறது. ஆனால் கதவைத் திறந்தால் ஆளே இல்லை. இது எப்படி என்று கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது தையல்காரர் கேட்டார்.

மனைவி இறந்தபின் அவர் தனி ஆள். காதும் கேட்காமல் போனது. அதனால் அழைப்புமணியின் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்து, தையல் மெஷின் பக்கத்தில் ஒரு டார்ச் பல்பை மாட்டியிருந்தார். அது எரிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். தெரு வெறிச்சென்று கிடக்கும். வரவரத் துணி கொண்டுவருபவர்களும் நின்றுபோனார்கள். ஊரே தன்னைக் கைகழுவிவிட்டது என்று நினைத்தார்.

ஒருநாள் அவருடைய தங்கை வந்தாள். கதவு திறக்கும்வரை நகரவில்லை.

"அண்ணே, பெல் அடிக்கவே இல்ல!" என்று காதருகே கத்தினாள். "உன் பல்பே பேட்டரியை உறிஞ்சிட்டா பெல்லுக்கு என்ன மிச்சம்? வீட்ல ஆள் இல்லன்னு எல்லாரும் திரும்பிப் போயிடறாங்க."

"அப்ப நீ ஏன் போகல?"

"நீ எங்க போகப்போற? உள்ளதான் இருப்பேன்னு தெரியும்."

பல்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சமே மின்சாரம் தின்னும் குட்டி எல்.இ.டி. விளக்கை மாட்டினார். இப்போது மணி கணீரென்று அடிக்கிறது. திரும்பிப் போனவர்களுக்கு அது தெரியாதே! விளக்கைப் பார்த்தபடியே அவர் தைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள்: தையல்காரர் வீட்டில் ஆள் இருக்கிறார்.