கொக்கு இருபத்தைந்து

பெரிய விமானம் தலைக்கு மேல் போனதும் அவர் ஜீப்பின் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, வலது காதை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இடது காதில் மட்டும் காதுமூடி. இரண்டையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. “ரெண்டையும் மூடிக்கிட்டா எனக்கு இங்க என்ன வேலை?” என்பார். விமான நிலையத்தில் அவருக்கு ‘ஒத்தக்காது’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

பறவை விரட்டுவது வேலை. ஓடுபாதையின் முனையில், புல்வெளி ஓரமாக, காலை ஐந்தரையிலிருந்து பகல் இரண்டு மணி வரை, இருபத்திரண்டு வருடமாக. வெடித் துப்பாக்கியும் ஒலிபெருக்கியும் ரேடியோவும் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கியை அநேகமாகத் தொடுவதில்லை. பருந்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சம்பந்தி. “சம்பந்திய வெடி போட்டா கிளப்புவாங்க? நாம எந்திரிச்சு நின்னா அதுவா கிளம்பிடும்” என்று சொல்லி ஜீப்பை விட்டு இறங்கி நிற்பார். பெரும்பாலும் கிளம்பிவிடும்.

வீட்டிலும் அதே காதுதான். மனைவி பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அவரைப் பற்றித் தன் அக்காவிடம் போனில் குறைசொல்ல அந்த அம்மாள் மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. இறங்கி வந்தால், கடைசியாகச் சொன்னது மட்டும் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பார் இவர்.

பெரிய விமானம் எழும்பும்போது இறக்கை நுனிகளில் காற்று முறுக்கிக்கொள்கிறது. விமானம் போன பிறகும் அந்த முறுக்கு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கட்டுப்பாட்டு டவரில் இருப்பவர்கள் பின்னால் வரும் சின்ன விமானத்தை இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். அதற்குள் கலைந்துவிடும். எப்போதாவது, இலை அசையாத காலைகளில், கலையாமல் புல்லின் மேல் படுத்துக்கொண்டு, துணிக்கடையில் துணி கிழிக்கிற மாதிரி சத்தம் போடும். ஜீப்பில் இருப்பவருக்கு அது கேட்கும். டவரில் இருப்பவர்களுக்குக் கேட்காது.

போன வருடம் அப்படி ஒரு காலை. இரண்டு நிமிடம் முடிந்தும் சத்தம் ஓயவில்லை. சின்ன விமானம் ஓடி வந்து எழும்பியது. எழும்பிய வேகத்தில் இடது இறக்கை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. கீழிருந்து பார்ப்பவனுக்கு விமானத்தின் வயிறுதான் தெரிய வேண்டும். அவருக்கு முதுகு தெரிந்தது. நாலைந்து நொடி அப்படியே தொங்கிவிட்டு நிமிர்ந்து போயிற்று. உள்ளே ஒரு பணிப்பெண்ணுக்குக் கை முறிந்ததோடு சரி. விசாரணை நடந்தது. இரண்டு நிமிடம் முறைப்படி கொடுக்கப்பட்டிருந்ததால் யார்மேலும் தவறில்லை என்று முடித்தார்கள். அவருக்கு அந்த முடிவு ஆறவேயில்லை. “நான் கேட்டேனே. கேட்டுக்கிட்டு இடிச்ச புளி மாதிரி உக்காந்திருந்தேனே” என்று மனைவியிடம் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். சத்தம் கேட்டால் ரேடியோவில் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். காற்று தங்கள் பணி வரம்பில் வராது, பறவைகள் குறித்து மட்டும் தெரிவிக்கவும் என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை காற்று செத்து, சத்தம் கேட்டபோது, மைக்கை எடுத்து, “ஓடுபாதை முனை. கொக்கு. இருபத்தஞ்சு” என்றார். சின்ன விமானத்தை உடனே நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும், கொக்குகள் போய்விட்டன என்று தெரிவித்தார்.

பத்து மாதத்தில் ஒன்பது முறை. ஒன்பதும் கொக்கு, ஒன்பதும் இருபத்தைந்து. ஒருமுறையாவது நாரை என்று சொல்லியிருக்கக்கூடாதா என்று மனைவி கேட்டதற்கு, பொய்யில் தனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்றார். விஷயம் பறவை நிபுணர் ஒருவர்வரை போயிற்று. அவர் இரண்டு நாள் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டு, கொக்குகளுக்குப் பெரிய விமானங்கள்மீது காரணம் தெரியாத ஈர்ப்பு இருப்பதாகப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். வேலிப்பக்க வாய்க்காலை மூடச் சொன்னார். மூடினார்கள். அங்கே உண்மையிலேயே ஏழு கொக்குகள் இருந்தன, அவை போய்விட்டன. முழுப் பூசணிக்காயை மறைக்க இருந்த கொஞ்சம் சோறும் அதோடு போயிற்று. பொய்த்தகவல் கொடுத்தால் வேலைநீக்கம் என்பது விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மனுஷன் என்று மனைவி மொட்டைமாடிக்குப் போகாமலேயே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக வந்த பெண் அதிகாரி தூரக்கண்ணாடியோடு ஜீப்பில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

“இன்னிக்குக் கொக்கு வந்தா நானும் பாக்கணும் சார். வராமலே வந்ததா சொன்னீங்கன்னா நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க மேடம்” என்றார் அவர்.

அதிகாரி விதிப்படி இரண்டு காதையும் மூடிக்கொண்டார். காற்று திசைகாட்டும் துணிப்பை கம்பத்தில் துவண்டு தொங்கியது. நான்கு இன்ஜின் விமானம் ஒன்று கிளம்பிப் போனது. இரண்டு நிமிடம் ஆயிற்று. புல்லின் மேல் துணி கிழிந்துகொண்டே இருந்தது. ஓடுபாதையின் அந்தக் கோடியில் சின்ன விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்றது. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. அவர் மைக்கை எடுத்தார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க, அதிகாரி காதுமூடியைக் கழற்றினார்.

“ஓடுபாதை முனை. கொக்கு. இருபத்தஞ்சு. நிறுத்துங்க.”

அந்தக் கோடியில் நகரத் தொடங்கியிருந்த விமானம் மூக்கைத் தாழ்த்தி நின்றது. அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மைக்கைக் கொக்கியில் மாட்டினார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தலைவழியாகக் கழற்றி, நாடாவை அதன்மேல் ஒழுங்காகச் சுற்றி, அதிகாரியின் கையில் வைத்தார்.