கன்டெய்னர் கதவில் நான்கு எழுத்து

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் காலை ஆறு ஐம்பதுக்குத் தண்டையார்பேட்டையில் என்னை ஏற்றிக்கொள்ளும். எண்ணூரைத் தாண்டினால் டிரெய்லர் லாரிகளின் வரிசை. அதன் வாலில் போய் நின்றால் அரை மணி நேரம் போகும். சில நாள் ஒன்றரை மணி. அப்படி நின்ற நாட்களில் பிறந்த விளையாட்டு இது. முன்னால் நிற்கும் கன்டெய்னரின் கதவில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கடைசி எழுத்து எப்போதும் யூ. அந்த நான்கும் எங்காவது வருகிற ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். லாரி நகர்வதற்குள் நீளமான சொல்லைச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. ஒரு முறை சொன்ன சொல் மறுபடி செல்லாது. சனிக்கிழமை யார் முன்னால் இருக்கிறாரோ, அடுத்த வாரம் முழுக்க டிரைவர் பக்கத்து ஒற்றை இருக்கை அவருக்கு. எழுத்துகளை வேனுக்குப் படித்துச் சொல்வதும் அவரே.

அந்த இருக்கையில் நான் நான்கு வருடம் ஏழு மாதம் இருந்தேன். நடுவில் எனக்கு டைபாய்டு வந்த இரண்டு வாரம் மட்டும் திருவொற்றியூரில் ஏறும் வெல்டர் உட்கார்ந்தார். எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது: தேதி, எழுத்துகள், சொல், சொன்னவர்.

போன வருடம் ஜூன் மூன்றாவது திங்கட்கிழமை, முகத்துவாரக்குப்பம் நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். துறைமுக வாயில் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். மூன்று நாள் பேசாமல் வந்தாள். நான்காம் நாள் கதவில் பி, ஆர், ஜி, யூ.

"பர்கர்!" என்றார் வெல்டர்.

"துண்றதெல்லாம் செல்லாது மாமு," என்றார் டிரைவர்.

"துண்ணா இன்னா? எழுத்து கீதா இல்லியா, அத்த பாரு."

நான் நிதானமாக "சப்டெர்ஃப்யூஜ்" என்றேன். பத்து எழுத்து. கடைசி சீட்டிலிருந்து, "நெய்பர்ஹுட்," என்றாள் அவள். வெல்டர் விரல் விட்டு எண்ணினார். பதிமூன்று.

நான் சொன்ன சொல்லின் பொருள் வேனில் ஒருவருக்கும் தெரியாது. அவள் சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் இருக்கை அவளுக்குப் போயிற்று. "இன்னா சார், பொண்ணு உன்ன ஓரங்கட்டிட்ச்சே!" என்று டிரைவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டில் சாப்பிடாமல் படுத்தேன். முப்பது வருடமாக ஆங்கிலப் புத்தகம் படிக்கிறவன் நான். எங்கே கற்றாள் என்று ஒரு நாள் கேட்டேன். "நாள் பூரா எழுத்துதான சார் அடிக்கிறேன்," என்றாள். அந்த எளிமையான பதிலும் எனக்கு எரிந்தது.

எனக்கு ஒரே ஆறுதல், சில கன்டெய்னர்களுக்கு அவள் வாயே திறக்கமாட்டாள். அந்த இடங்களில் குறிப்பேட்டில் சிவப்பு மையால் 'விடை இல்லை' என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எண்ணிப் பார்ப்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் நான் அதைச் செய்தேன். மறுநாள் உள்ளே வரவேண்டிய கன்டெய்னர்களின் பட்டியல் மாலை நாலு மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் என் மேசைக்கு வரும். அதுவரை மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அன்று எழுத்துகளைப் பார்த்தேன். நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அகராதியை விரித்தேன். ஐந்து நாள் இப்படியே. வெள்ளிக்கிழமை இருவரும் சமம்.

சனிக்கிழமை முன்னால் நின்ற கன்டெய்னரின் கதவைத் துரு தின்றிருந்தது. முதல் எழுத்து என். இரண்டாவது ஏதோ வட்டம். "சி," என்றார் வெல்டர். "ஓ மாதிரி கீது," என்றார் டிரைவர். அவர்கள் சண்டை முடியுமுன் நான் சொல்லிவிட்டேன்: "மேக்னிலொக்வென்ட்."

"அதுல க்யூ வருது சார்," என்றார் வெல்டர்.

"அது க்யூதான்."

வரிசை நகர்ந்து லாரியின் பக்கவாட்டைக் கடந்தபோது, அங்கே எழுத்துகள் தெளிவாக இருந்தன: என், க்யூ, எம், யூ. வேன் கைதட்டியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

வாயிலில் இறங்கும்போது என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "அம்மாந்தூரத்துலேர்ந்து க்யூன்னு எப்டி சார் தெரிஞ்சுது? எனக்குத் தெரியும், நேத்து லிஸ்டுல நான் அடிச்ச பெட்டி அது. நான் அடிச்ச பெட்டிக்கு வாய் தொறக்கமாட்டேன்."

அலுவலகத்தில் போய் நகலை விரித்தேன். அடியில் அடித்தவரின் கையொப்பம், அவளுடையது. ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. பிறகு முந்தைய சிவப்பு மை இருபத்திரண்டையும் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டேன். எல்லாம் அவள் அடித்தவை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

திங்கட்கிழமை ஒற்றை இருக்கையில் நான். முதல் கன்டெய்னரின் எழுத்துகளைப் படித்தேன். அவள் பேசவில்லை.

"ஏம்மா, அப்பப்ப ஊமையாயிடற?" என்றார் வெல்டர்.

"சனிக்கெழம நான் அடிச்ச பெட்டிண்ணா. ஆடமாட்டேன்."

"அட! அப்ப நீ சொல்லு சார்."

"நானும் ஆடவில்லை," என்றேன்.

டிரைவர் திரும்பினார். "நீ இன்னா சார், டைப்பா அடிக்கிற?"

சொன்னேன். பட்டியல், நகல், அகராதி, எல்லாம். லாரி நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "கலீஜ் வேல சார் இது," என்றார் வெல்டர். நான் எழுந்து கடைசி சீட்டுக்குப் போனேன்.

அவள் போட்ட விதியே இப்போது வேனின் விதி. முன்பே பார்த்தவர் ஆடக்கூடாது. அவள் அடிப்பது ஒரு வாயிலின் பட்டியல் மட்டும். என் மேசைக்கு மூன்று வாயிலின் பட்டியலும் வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட இனி என்னால் முடிவதில்லை, எழுத்துகளும் கண்ணில் பட்டுவிடுகின்றன. ஆகவே பெரும்பாலான காலைகளில் நான் வாய் மூடி இருக்கிறேன். அவள் எழுத்துகளைப் படித்ததும் எனக்கு ஒரு சொல் வரும். அதை உள்ளேயே வைத்து எண்ணுவேன். பிறகு முன்னாலிருந்து அவள் சொல்வாள். பல நாள் அது என்னுடையதைவிட இரண்டு எழுத்து நீளம்.