அரைநூல்

என் அத்தானுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் அரைநூல். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். அதில் பாதி பிசகினாலும், அந்த உருப்படியின் மேல் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவார். கடைசல்காரர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள். இவர் மூன்றாவது முறையும் அளந்து காட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். முப்பத்தோரு வருடம் இதே வேலை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அளக்காமலே சொல்லிக்கொண்டு திரிந்தார். "வண்டி இடப்பக்கம் இழுத்துச்சு."

இருபத்தோரு வருடங்களுக்கு முன் நடந்தது. ஒரு கல்யாணத்தில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு அத்தானும் அக்காவும் மதிய வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அத்தானைவிட வயதில் மூத்த, உருண்டை விளக்கு வைத்த கறுப்புக் கார். ஆளில்லாத நேர்ச்சாலையில் அது மெல்ல இடப்பக்கம் ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கியது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவு திறந்துகொண்டு அக்கா வெளியே விழுந்தாள். இடது முழங்கை உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை முழுதாக நிமிரவில்லை. இன்றைக்கும் கொடியில் துணி போட வலது கையைத்தான் தூக்குவாள்.

அத்தான் காரைக் கொட்டகைக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். அப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. ஆனால் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் "இழுத்துச்சு" என்று சொல்வது மட்டும் நிற்கவில்லை. நான் விடுவேனா? உடைந்தது என் அக்கா கை. பால் பொங்கி வழிந்தால், "அடுப்பு இடப்பக்கம் இழுத்துச்சு" என்பேன். அவர் மகள் பரீட்சையில் கோட்டை விட்டபோது, "பேனா இழுத்துச்சா?" என்று கேட்டேன். வீடே சிரிக்கும். அத்தான் சிரிக்க மாட்டார். அக்காவும் சிரிக்க மாட்டாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை அத்தான் தார்ப்பாயை உருவினார்.

"கடைசி நட்டு வரைக்கும் கழட்டப் போறேன். எது இழுத்துச்சுன்னு கண்டுபிடிச்சு உன் மூஞ்சிக்கு முன்னால வைக்கிறேன்" என்றார் என்னிடம்.

"வைங்க அத்தான். திரும்ப மாட்டத் தெரியுமா?"

"அடியிலருந்து புதுசா மாட்டுவேன். மாட்டி, உங்கக்காவ உக்கார வச்சு அதே ரோட்டுல ஓட்டுவேன்."

சொன்னபடி இறங்கினார். துருவேறிய நட்டுகள் பிடிவாதம் பிடித்தன. அத்தான் அவற்றைவிடப் பிடிவாதக்காரர். ஒரே ஒரு போல்ட்டோடு நாலு நாள் மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார், சூடு காட்டுவார், தட்டுவார், மறுபடி ஊறப்போடுவார். கழற்றியதையெல்லாம் டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டினார். டப்பாக்கள் கொட்டகையில் அடங்காமல் சமையலறைக்கு வந்தன. நான் காபித்தூளைத் தேடிக் கைவிட்டால் வாஷர்தான் வரும்.

எதை அளந்தாலும் முடிவைக் கொட்டகைச் சுவரில் எழுதுவார். பிரேக் – சரி. ஸ்டீயரிங் – சரி. ஸ்பிரிங் – சரி. 'சரி' என்று எழுதும்போதெல்லாம் ஒரு மனிதரின் முகம் சுருங்கியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இரண்டாம் வருடம் அக்கம்பக்கத்து ஆட்கள் ஆறு பேர் வந்து காரின் கூட்டை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மிஞ்சியது சட்டம் மட்டும். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி நீளமாய் இரண்டு இரும்பு, குறுக்கே நாலு.

"இதுதான் கடைசி. சட்டம் கோணியிருந்தா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தடத்துல போகாது. இழுக்கத்தான் செய்யும்" என்றார். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

நாலு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் நாலு புள்ளி வைத்தார். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். டேப்பின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் எழுந்தேன்.

"உன்ன நம்ப முடியாது. உக்காரு" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

முதல் அளவு எடுத்தார். அக்கா இரண்டாவது மூலைக்குப் போய்க் குனிந்து முனையைப் பிடித்தாள். அத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மூணு நூல்! மூணு நூல் கோணல்! பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பிக் குதித்தார். அறுபது வயது மனிதர் குதித்ததை நான் பார்த்ததில்லை.

"போய்ச் சுவத்துல எழுதுங்க" என்றாள் அக்கா.

எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் விடுமா? இன்னொரு முறை அளந்தார். இந்த முறை இரண்டு நூல்.

இரும்பு நிமிடத்துக்கு நிமிடம் நீளாது, சுருங்காது. டேப்பின் மேலேயே பார்வையை ஓட்டிக்கொண்டு போய் அக்காவின் கையில் நிறுத்தினார். நான் முன்பே பார்த்துவிட்டேன். அக்காவின் கட்டைவிரல் டேப்பின் முனையைப் புள்ளிக்கு அப்பால் தள்ளி அமுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"கைய எடும்மா" என்றார்.

புள்ளியின் மேல் ஓர் ஆணி அடித்து, முனையை அதில் மாட்டித் தனியாகவே அளந்தார். இரண்டும் ஒன்று. அரை நூல்கூட வித்தியாசம் இல்லை.

சட்டத்தின் குறுக்கிரும்பில் உட்கார்ந்தார். "நான் தூங்கிட்டேன் போலருக்கு" என்றார். அக்கா ஆணியிலிருந்து டேப்பைக் கழற்றினாள். அத்தான் திருத்திக்கொண்டார். "தூங்கிட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கல்யாணத்துல நடந்ததப் பேசிக்கிட்டே வந்தேன். நீங்க 'ம்' கொட்டிக்கிட்டே வந்தீங்க. 'ம்' நின்னுபோச்சு. என்னான்னு திரும்புறதுக்குள்ள கதவு தெறந்துருச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, இழுத்துச்சுன்னு நெசமாவே நம்பிட்டீங்க. நம்பிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் அத்தானைக் குத்துவதாக நினைத்துக் குத்திய ஒவ்வொரு குத்தும் அக்கா மேலும் விழுந்திருக்கிறது.

அந்தக் காரை அவர் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை போனால், சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் புதிதாக இரண்டு வரி. சட்டம் – சரி. ஓட்டியவர் – அதற்கு நேரே சிவப்பில் பெருக்கல் குறி.

"தள்ளுன உருப்படிய என்ன பண்ணுவாங்க அத்தான்?"

"மறுபடி செய்வாங்க" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.

செய்தார். சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்பு. டப்பா டப்பாவாகக் கூட்டின் கீழே எல்லாம் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. அதற்கிடையில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, பேரப்பிள்ளை வயதுள்ளவர்களோடு வரிசையில் நின்று முதல் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டார். இடப்பக்கக் கதவுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தாழ் வைத்தார். அதே கதவின் உட்புறம், நிமிராத முழங்கை வைக்க ஒரு மரத்தாங்கி. அக்காவின் கையை மூன்று முறை அளந்துதான் அதைச் செதுக்கினார்.

இன்னும் இரண்டு வருடம் கழித்து ஒரு காலை வேளையில் கிளம்பினோம். எனக்குப் பின் சீட். யாரும் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்று உத்தரவு. அக்கா தாங்கியில் கையை வைத்தாள். கை அச்சாகப் பொருந்தியது. வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. அக்கா ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தான் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

அந்தப் பள்ளம் வந்தது. அக்காவின் பேச்சு தானாக நின்றது. தாங்கியை இறுகப் பிடித்தாள்.

"ம்?" என்றார் அத்தான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல சொல்லு."

அக்கா சொன்னாள். வீடு வரும்வரை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு 'ம்' கூட விடுபடவில்லை.