ஊர் விலக்கும் ஒரு சொம்புப் பாலும்

பெரிய நாடுகள் கூடிப் பேசி, ஒரு சின்ன நாட்டுக்கு யாரும் சரக்கு அனுப்பக்கூடாது, அங்கிருந்து எதுவும் வாங்கவும் கூடாது என்று முடிவெடுத்ததாக ரேடியோவில் செய்தி வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதற்கு அவ்வளவு தூரம் விமானத்தில் போய்க் கூடவேண்டுமா? அறுபதுகளில், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், வேப்ப மரத்தடியில் ஐந்து பேர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அதைச் செய்துவிடுவார்கள். அந்த ஐந்து பேரில் என் அப்பாவும் ஒருவர். ஊரிலிருந்த ஒரே பலசரக்குக் கடை எங்களுடையது என்பதால், அவர் இல்லாமல் எந்த விலக்கும் எடுபடாது.

அந்த வருஷம் தள்ளி வைக்கப்பட்டவர் எங்கள் பின்வீட்டுக்காரர். வரப்புத் தகராறை ஊரில் சொல்லாமல் நேரே அருப்புக்கோட்டை போலீசுக்குக் கொண்டுபோய்விட்டார். போலீஸ்காரர் வந்து முதலில் விசாரித்தது எங்கள் ஊர்த் தலைவரை. பொறுக்குமா? பின்வீட்டுக்காரர் சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று தமுக்கடித்தாயிற்று.

கொடுக்கல் நின்றது. அந்த வீட்டுப் பெண் என்னோடு மூன்றாம் வகுப்பு படித்தவள். அவள் உப்பு வாங்க வந்தபோது அப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவள் பக்கத்து ஊரான ரெட்டியபட்டிக்கு நடந்தாள். அங்கே இருந்த கடைக்காரருக்கும் அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வாங்கலில்தான் ஐந்து பெரிய மனிதர்களும் கோட்டைவிட்டார்கள். மழை பொய்த்து, மாடுகளை விற்று, ஆடுகளை மேய்ச்சல் தேடி வெளியூருக்கு ஓட்டிவிட்ட வருஷம் அது. ஊரில் கறவை மாடு இருந்தது அந்தப் பின்வீட்டில் மட்டும். எங்கள் வீட்டிலோ எட்டு மாதத் தம்பி. காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றியதிலிருந்து அவன் குடித்தது அந்த மாட்டின் பால்தான். அப்பாவுக்கு அது மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து டப்பாப் பால் வாங்கி வந்தார். தம்பிக்கு ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்டது. கேப்பையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சிக் கொடுத்தோம். அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. அழுத பிள்ளை முனக ஆரம்பித்தான், பிறகு முனகலும் குறைந்தது. பின்வீட்டில் வாங்க ஆளில்லாத பாலையெல்லாம் கன்றுக்கே விட்டார்கள். அந்த வருஷம் ஊரில் கொழுத்தது அது ஒன்றுதான். அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தீர்ப்புச் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டார். அன்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

பங்குனிப் பொங்கல் வந்தது. அம்மனுக்குப் பாலாபிஷேகம் செய்தாகவேண்டும். ஐவரும் மறுபடி கூடினார்கள். சாமி காரியத்துக்கு ஊர் விலக்கு செல்லாது என்று உடனே கண்டுபிடித்தார்கள். என் வகுப்புக்காரி ஒரு சொம்புப் பாலைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

அபிஷேகம் முடிந்து சொம்பில் பாதி மிச்சமிருந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அதை எடுத்தாள். பொங்கல் அடுப்பிலேயே வைத்து நிதானமாகக் காய்ச்சி ஆற்றினாள். கோயில் படியில் உட்கார்ந்து, மடியிலிருந்த சங்கை எடுத்துப் புகட்ட ஆரம்பித்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஆத்தா குடிச்ச மிச்சத்தத்தான் எம்பிள்ளைக்குக் குடுக்குறேன். தப்புன்னா மொதல்ல ஆத்தாளத் தள்ளி வைங்க."

அப்பா கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலமே தீர்ப்பைத் திருத்தினார்கள். கைப்பிள்ளைக்குப் பால் வாங்கலாம். கொடுக்கல் மட்டும் கிடையாது. பாலுக்குக் காசு கொடுத்தால் அதுவும் கொடுக்கல் ஆகிவிடும் என்பதால் காசும் கிடையாது. ஆக, எங்கள் வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுப் பாலைக் குடிக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைகள் உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கவேண்டும். இது நியாயம் என்று ஐந்து பேரும் மனதார நம்பினார்கள்.

மறுநாள் விடியலில் என் வகுப்புக்காரி எங்கள் கொல்லைக்குச் சொம்போடு வந்தாள். அம்மா பாலை ஊற்றிக்கொண்டாள். சொம்பைக் கழுவித் துடைத்து, கடையிலிருந்து அள்ளி வந்த கல்லுப்பை அதில் நிரப்பிக் கொடுத்தாள். பின்வாசலில் நின்ற அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கடைக்குள் போய்த் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, ஒரு உப்புக் கல்லை எடுத்து, நாங்கள் மிட்டாய் தின்பதுபோல் வாயில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.